போர்வீரனின் வழக்குரை: யோசப் பிளம் மார்ட்டினின் தன்வரலாறு

அரசரையும் படைத்தலைவரையும் முன்னிறுத்தி வரலாறு எழுதுவது உலகெங்கும் நிலவிவந்த மரபு. களத்தில் நின்றோர் பல்லாயிரவராயினும் வெற்றி ஒருவர் பெயராலேயே வழங்கும். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பிரித்தானிய முடியாட்சியினின்று விடுதலை பெறுதற்பொருட்டு 1775 முதல் 1783 வரை நடத்திய போரின் வரலாறும் இம்மரபுக்கு விலக்காகவில்லை. ஜோர்ஜ் வாஷிங்டனின் கடிதங்களும் கட்டளைகளும் தொகுதி தொகுதியாக அச்சேறியுள்ளன. அக்கட்டளைகளின்படி நடந்தும், பசித்தும், பனியிலே படுத்துறங்கியும் காலங்கழித்த சாதாரண வீரர் தம் அனுபவத்தை முழுமையாக எழுதிவைத்த நூல்களோ மிகச் சிலவே. அச்சிலவற்றுள் தலையாயது யோசப் பிளம் மார்ட்டின் என்பார் எழுதியது. 1830ஆம் ஆண்டில் மேயின் மாநிலத்து ஹலோவெல் நகரில் அந்நூல் வெளிவந்தபோது அதன் ஆசிரியர் பெயர் வெளியிடப்படவில்லை. புரட்சிப்போர் வீரன் ஒருவன் எதிர்ப்பட்ட நிகழ்ச்சிகள், இடர்கள், துன்பங்கள் ஆகியவற்றுட் சிலவற்றைக் கூறுவது என்பது அதன் நீண்ட தலைப்பின் பொருள்.

இந்நூலைப் பயில்வோர் பெரும்பாலும் இரு நோக்கங்களோடு அதனை அணுகுவர். போர்ச் செய்திகளைத் தேடும் வரலாற்றாசிரியர், வாஷிங்டனின் படை எதனை உண்டது, எதனை உடுத்தது என்பதற்குச் சான்றாக அதிலிருந்து சில பகுதிகளை எடுத்துக்கொள்வர். பொழுதுபோக்காகப் படிப்போர் அதிலுள்ள நகைச்சுவையை விரும்பிப் படிப்பர். இவ்விரு வகையினரும் நூலின் உள்ளீட்டைத் தொடாது விடுதல் கூடும். மார்ட்டினின் நூல் தொடக்கமுதல் இறுதிவரை ஒரு வழக்குரையாக அமைந்துள்ளது. வீரனுக்கும் அவன் நாட்டுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை இருந்தது. வீரன் தன் பங்கை நிறைவேற்றினான். நாடு நிறைவேற்றவில்லை என்பதே அவ்வழக்கு. அது எழுதப்பட்ட காலத்தில் அவர் குடும்பம் எந்நிலையில் இருந்தது என்பதை அறிந்தபின் நூலைப் படிப்போருக்கு இவ்வுண்மை தெற்றெனப் புலப்படும்.

மார்ட்டின் 1760ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21ஆந் திகதி மசச்சூசெற்சில் பெக்கற் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் எபனேசர் மார்ட்டின் ஒரு கிறித்தவ சமய போதகர். ஏழாவது வயதில் கனெக்ரிக்கற்றிலுள்ள மில்போர்ட்டுக்கு அனுப்பப்பட்ட மார்ட்டின், தாயைப் பெற்ற பாட்டன் பாட்டியரிடம் வளர்ந்தார். 1776ஆம் ஆண்டுக் கோடையில், பதினாறு வயது நிரம்புமுன்னரே, ஆறு மாதத் தவணைக்குப் படையிற் சேர்ந்தார். அவர் கையொப்பமிட்ட நிகழ்ச்சியை நூல் கூறும் முறை கருதத்தக்கது. பேனாவை மையில் தோய்த்து, தாளைத் தொடாமலே எழுதுவதுபோலப் பலமுறை பாவனை செய்துகொண்டு தயங்கி நின்றார் சிறுவர். பின்னால் நின்ற ஒருவன் கையை இடித்துவிட்டான். பேனா தாளிற் கீறிற்று. சேர்ந்துவிட்டான் என்ற கூக்குரல் எழுந்தது. வேடிக்கையாகச் சொல்லப்படும் இச்சிறு நிகழ்ச்சியினுள்ளே நூலின் முழுப்பொருளும் அடங்கிக் கிடக்கின்றது. வீரன் தாளிலே தன் பெயரை இட்டுவிட்டான். இனி அத்தாளின் மறுபக்கத்திலுள்ள கடப்பாடு யாரைச் சாரும் என்பதே நூல் பின்னர் எழுப்பும் வினா.

முதல் தவணை முடிந்து வீடு திரும்பியவர் 1777ஆம் ஆண்டில் மீண்டும் சேர்ந்தார்; இம்முறை போர் முடியும்வரை. ஊரவர் சிலர் தங்கள் குழுவின் சார்பில் ஒருவனை அனுப்பவேண்டிய கடமையுடையராயிருந்தனர். அவர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு அவர்களுக்காகச் சென்றவர் மார்ட்டின். இதனை அவர் மறைக்கவில்லை. நாட்டுப்பற்றென்னும் போர்வையால் மூடவுமில்லை. தன்னைப் பற்றிய இத்தகைய வெளிப்படையான கூற்றுக்களே பிறரைப் பற்றி அவர் கூறுவனவற்றையும் நம்பத்தக்கனவாக்குகின்றன.

போர்க்களங்களைவிடப் பசியே இந்நூலில் மிகுதியாகப் பேசப்படுகின்றது. ஒரு வீரனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் மாட்டிறைச்சி அல்லது முக்கால் இறாத்தல் பன்றியிறைச்சி, ஓர் இறாத்தல் மா அல்லது பாண், சிறிதளவு றம் மது என்பன வாக்களிக்கப்பட்டிருந்தன. ஆண்டுதோறும் மேலங்கி, சட்டைகள், சப்பாத்துக்கள், காலுறைகள், கம்பளி ஆகியன தரப்படவேண்டும். இவற்றையெல்லாம் மார்ட்டின் கடைக்காரன் பேரேடு எழுதுவதுபோல ஒவ்வொன்றாக எண்ணிக் கூறுகின்றார். பின்னர் உண்மையிற் கிடைத்ததைக் கூறுகின்றார். 1777ஆம் ஆண்டு திசெம்பரில் காங்கிரசுச் சபை நாடு முழுவதும் நன்றிகூறும் நாள் கொண்டாடப் பணித்தது. சிலநாட் பட்டினிக்குப்பின் அந்நாளை எதிர்நோக்கியிருந்த வீரர்க்கு விருந்தாக அளக்கப்பட்டவை ஆளுக்கு ஒரு சிறங்கைக்கும் குறைந்த அரிசியும் ஒரு கரண்டி வினாகிரியுமே. அதன்பின் அவர்கள் வரிசையாகச் சென்று நன்றியுரைப் பிரசங்கத்தைக் கேட்டனர். மார்ட்டின் இங்கே சினந்து பேசவில்லை. அளவைச் சொல்லி அமைகின்றார். அரிசியின் அளவும் பிரசங்கமும் அருகருகே வைக்கப்பட்டவுடன் வேறு சொல் வேண்டப்படவில்லை.

மொறிஸ்ரவுனில் 1780ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பெய்த பெரும்பனியைப் பற்றிய பகுதியும் இத்தகையதே. நான்கு நாள் வரையில் ஒரு கோலிலிருந்த கருநிற பேர்ச் மரப்பட்டையைக் கடித்ததைத் தவிர வேறு உணவு இல்லை என்கின்றார். சிலர் பழைய சப்பாத்துக்களைச் சுட்டுத் தின்றனர். அதிகாரிகள் சிலர் தாம் செல்லமாக வளர்த்த சிறு நாயைக் கொன்றுண்டனர். பொதுமக்கள் நன்கறிந்த வலிபோர்ஜ் குளிர்காலத்தைவிட மொறிஸ்ரவுன் குளிர்காலமே கொடியது என்பதை இற்றை வரலாற்றாசிரியரும் ஒப்புக்கொள்வர். புகழ்பெற்ற துன்பமொன்று புகழ்பெறாத பெருந்துன்பத்தை மறைத்துவிடும் என்பதற்கு மார்ட்டினின் சான்று நல்ல எடுத்துக்காட்டு.

புகழ் எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பதில் இவ்வாசிரியருக்குக் கூர்மையான நோக்குண்டு. டெலவேயர் ஆற்றிலுள்ள மிவ்லின் கோட்டையின் முற்றுகையை அவர் கூறுமிடம் இதனைக் காட்டும். 1777ஆம் ஆண்டு நவம்பரில், சேறு சூழ்ந்த சிறு தீவொன்றில் அமைந்த அக்கோட்டையைப் பிரித்தானியக் கப்பல்களும் கரைப்பீரங்கிகளும் இடித்துத் தூளாக்கின. இரு வாரமளவாகப் படுத்துறங்க இடமில்லை, காலுக்குச் சப்பாத்தில்லை. கோட்டையிலிருந்த பெரும் பீரங்கியொன்றுக்குக் குண்டுகள் இல்லாமையால், பகைவர் எறிந்த அதே அளவுக் குண்டொன்றை எடுத்து வருபவனுக்குச் சிறிதளவு மது பரிசாக அளிக்கப்பட்டது. வீரர் குண்டு விழுமிடம் நோக்கி ஓடினர். அத்தகைய முற்றுகை வரலாற்றிற் பெரிதாகப் பேசப்படாததன் காரணத்தை மார்ட்டினே சொல்கின்றார்: அங்கே வாஷிங்டனோ, பட்னமோ, வேயினோ இருக்கவில்லை. சிறியார் செய்த செயல் பெரியார் பெயரை ஒட்டினாலன்றி நிலைபெறாது என்னும் இக்கருத்து நூன்முகத்திலேயே தோன்றி நூல் நெடுகிலும் தொடர்கின்றது.

1781ஆம் ஆண்டு ஒக்டோபரில் யோர்க்ரவுன் முற்றுகையின்போது மார்ட்டின் அகழிவெட்டும் படைப்பிரிவிற் சார்ஜனாக இருந்தார். முதல் அகழி தோண்டத் தொடங்கிய இரவில் வாஷிங்டன் வந்து குந்தாலியால் சில கொத்துக் கொத்தினார். அம்முற்றுகையில் முதன்முதல் மண்ணை வெட்டியவர் தளபதியே என்று பிற்காலத்தார் சொல்லுதற்பொருட்டு அது செய்யப்பட்டது என மார்ட்டின் எழுதுகின்றார். தளபதியின்மீது அவருக்கு வெறுப்பிருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் விடியும்வரை தோண்டியவர் யாவர் என்பதைப் படிப்போர் தாமே உணரும்படி அவ்வாக்கியம் அமைந்துவிடுகின்றது. அதே மாதம் 14ஆந் திகதி இரவு, பத்தாம் இலக்க அரணைத் தாக்கியபோது, முன்சென்று தடைவேலியை வெட்டி வழிசெய்தவர்களுள் அவரும் ஒருவர். அத்தாக்குதலின் புகழ் அலெக்சாண்டர் ஹமில்ரனைச் சேர்ந்தது.

நூலின் நடுநாயகமாக விளங்குவது 1780ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி கனெக்ரிக்கற் படையினர் கலகஞ் செய்த பகுதி. பல நாள் இறைச்சியின்றி இருந்த வீரர், மாலை அணிவகுப்பின்பின் கலைந்துசெல்ல மறுத்து ஆயுதத்தோடு நின்றனர். இங்கே மார்ட்டினின் நடை மாறுகின்றது. நகைச்சுவை குறைந்து, மனத்துள் நிகழும் போராட்டம் மேலெழுகின்றது. வீரர் தம் நாட்டை நேசித்தனர். அதன் விடுதலைக்காக ஏற்றுக்கொண்ட பணியை நடுவழியிற் கைவிட அவர்களால் இயலவில்லை. அதேவேளை, தம்மைக் கண்டும் காணாததுபோல் இருக்கும் மக்களுக்காகப் பட்டினியாற் செத்துக்கொண்டிருப்பதும் மனிதர்க்கு இயலாத செயல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெருக்கடியை, கலகக்காரரைக் குற்றவாளிகளாகவோ தியாகிகளாகவோ ஆக்காமல், அவர் எடுத்துரைக்கின்றார். கடமையுணர்ச்சி பசியினால் அழிவதில்லை. ஆயினும் பசியுள்ளவனிடம் கடமையை மட்டும் கேட்பவர் அறத்தின்பால் நிற்பவராகார். இந்நூலின் அறநெறி இதுவே.

ஊதியத்தைப் பற்றிய கணக்கும் தெளிவானது. மாதத்துக்கு ஆறு டொலரும் மூன்றில் இரண்டு பங்கும் என்பது உடன்படிக்கை. 1777 ஓகஸ்ற் மாதத்துக்குப்பின், யோர்க்ரவுனுக்குச் செல்லும் வழியிற் பெற்ற ஒரு மாதச் சம்பளத்தைத் தவிர வேறெதுவும் கைக்கு வரவில்லை என்கின்றார். தாள்நாணயத்தின் வீழ்ச்சியை விளக்க அவருக்குப் பொருளியல் நூல் வேண்டப்படவில்லை: ஒருமுறை கிடைத்த 1,200 டொலரும் ஒரு குவாட்டு றம் வாங்கவே செலவாயிற்று. 1783ஆம் ஆண்டு ஜூனில் வீரர் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது கையிற் கிடைத்தவை கடன்சீட்டுக்களே. உடுத்துச்செல்லத் தகுந்த உடை வாங்குதற்கே அவற்றுட் சிலவற்றை அவர் விற்க நேர்ந்தது. போர் முடியும்வரை பணிசெய்யும் வீரனுக்கு 100 ஏக்கர் காணி தரப்படும் என்ற வாக்குறுதியும் இருந்தது. அக்காணிகள் தொலைவில் ஒதுக்கப்பட்டன. அவற்றை வீரர் கைப்பற்ற உதவுவார் இல்லை. பெரும்பகுதி வணிகர் கைக்குச் சென்றது. நாடு தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டபின் வீரரைப் பற்றிக் கவலைப்பட ஒருவரும் இல்லை என்பது அவர் முடிபு.

1784ஆம் ஆண்டில் மேயினுக்கு வந்து சேர்ந்ததோடு நூலின் கதை நின்றுவிடுகின்றது. அதன்பின் நிகழ்ந்த 46 ஆண்டு வாழ்க்கையை அவர் கதையாகச் சொல்லவில்லை. சொல்லாது விட்ட அப்பகுதியே சொல்லிய பகுதிக்கு உரையாக அமைகின்றது.

மேயின் அக்காலத்தில் மசச்சூசெற்சைச் சேர்ந்த எல்லைப்புறமாயிருந்தது. பெனொப்ஸ்கொற் ஆறு கடலோடு கலக்கும் பகுதியில், பின்னர் புறொஸ்பெக்ற் எனப் பெயர்பெற்ற ஊரில், மார்ட்டின் 100 ஏக்கர் காட்டுநிலத்திற் குடியேறினார். புரட்சியின்போது பிரித்தானியர் பக்கம் நின்றோர் விட்டுச்சென்ற நிலம் புரட்சியினால் மக்களுக்கு உரியதாயிற்று என்றும், காட்டை வெட்டி உழுபவனுக்கே நிலம் உரியது என்றும் அங்கு குடியேறிய வீரர் பலர் நம்பினர். 1794ஆம் ஆண்டில் அவர் லூசி குளூலி என்னும் பெண்ணை மணந்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுள் இருவர் இரட்டையர்.

அந்நிலத்துக்கு வேறொருவர் உரிமை கொண்டாடினார். அவர் ஹென்றி நொக்ஸ். பொஸ்ரனிற் புத்தகக் கடை நடத்தியவர். போரில் வாஷிங்டனின் பீரங்கிப்படைத் தலைவர். பின்னர் 1794வரை போர்த்துறைச் செயலாளர். அவர் மனைவியின் பெயரும் லூசி என்பதே. சாமுவேல் வால்டோ என்னும் பெருநிலக்கிழாரின் பேர்த்தியாகிய அப்பெண்மணி வழியாக வந்த உரிமையை ஆதாரமாகக் கொண்டு ஏறக்குறைய 600,000 ஏக்கர் நிலம் தமதென்றார் நொக்ஸ். அவ்வுரிமையின் வேர் 1630ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வழங்கப்பட்ட ஒரு பழைய உறுதியிற் கிடந்தது. முடியாட்சியை எதிர்த்துப் போரிட்ட படையின் தலைவர், முடியாட்சிக் காலத்து உறுதியைக் காட்டி, தம் படையிற் பணிசெய்த வீரனிடம் நிலத்தின் விலையைக் கேட்டார்.

1797ஆம் ஆண்டில் நொக்சின் உரிமை சட்டப்படி ஏற்கப்பட்டது. மார்ட்டினின் காணிக்கு 170 டொலர் விதிக்கப்பட்டது. அதனைச் செலுத்த வழியில்லாத அவர், தம் குடும்பத்தின் நிலையை எடுத்துரைத்து நொக்சுக்கு இரந்து கடிதம் எழுதினார். அதற்கு விடை வந்ததாகச் சான்றெதுவும் இல்லை. தோமஸ்ரனில் மொன்பீலியே என்னும் பெருமாளிகையைக் கட்டி வாழ்ந்த நொக்சும் 1806ஆம் ஆண்டில் பெருங்கடனோடே இறந்தார். மார்ட்டினின் காணி 1811ஆம் ஆண்டளவிற் பாதியாகக் குறைந்தது. 1818ஆம் ஆண்டளவில் அதுவும் இல்லாதுபோயிற்று.

அதே 1818ஆம் ஆண்டிலேதான் வறிய நிலையிலிருந்த புரட்சிப்போர் வீரர்க்கு உபகாரச் சம்பளம் வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. சாதாரண வீரனுக்கு மாதம் 8 டொலர். ஆண்டுக்கு 96 டொலர். அதனைத் தொடர்ந்து பெறுதற்கு 1820ஆம் ஆண்டில் ஒவ்வொருவரும் தம் உடைமைகளை நீதிமன்றத்திற் சத்தியஞ்செய்து கூறவேண்டியிருந்தது. மார்ட்டின் கொடுத்த பட்டியல் சுருக்கமானது: படுக்கையும் உடுதுணியும் நீங்கலாக, இரண்டு பசுக்கள், ஆறு ஆடுகள், ஒரு பன்றி. நிலமில்லை, வருவாயில்லை. உடல் உழைக்க இயலாது, மனைவியோ வாதநோயினள், பிள்ளைகள் ஐவர். ஏழாண்டளவு களத்தில் நின்ற ஒருவர், தம் வறுமையைச் சான்றுகாட்டி நிலைநாட்டினாலன்றி அவ்வுதவி கிடையாது. அதைக்கூட வீண்செலவென்று முணுமுணுத்தோர் நாட்டில் இருந்தனர். அவர்களுக்கு விடையிறுப்பதாகவே நூலின் இறுதிப் பக்கங்கள் அமைந்துள்ளன.

இவ்வுண்மைகளை அறிந்து நூலைத் திரும்ப நோக்கினால் அதன் பேரேட்டு நடைக்குக் காரணம் விளங்கும். 1830ஆம் ஆண்டில் எழுபது வயதையடைந்த மார்ட்டின் ஆவணங்களின் ஆற்றலை நன்கறிந்தவர். புறொஸ்பெக்றிற் பட்டின இலிகிதராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவர். ஊரின் பிறப்பு, இறப்பு, காணி எல்லை ஆகியவற்றைப் பதிந்த அதே கைதான் போர்க்காலத்து அரிசியையும் வினாகிரியையும் பதிந்தது. ஆவணமொன்றினாலே காணியை இழந்தவர், தாமே ஓர் ஆவணத்தை இயற்றினார். நொக்சைத் தாக்கியோ, மனைவி மக்களின் துயரை விரித்தோ எழுதியிருப்பின் அது தனிமனிதனொருவனின் முறைப்பாடாகச் சுருங்கியிருக்கும். அவற்றை நீக்கியமையால் வழக்குப் படை முழுவதற்கும் உரியதாயிற்று. இஃது இந்நூலின் கட்டுக்கோப்பிற் காணப்படும் பெருஞ்சிறப்பு.

குறைகளும் இல்லாமலில்லை. ஐம்பதாண்டளவு கழிந்தபின் நினைவிலிருந்து எழுதியமையால் நாட்களும் இடங்களும் சிலவிடத்து மயங்குகின்றன. அத்தியாயந்தோறும் தலையில் வைத்த செய்யுள்கள் உரைநடையின் ஆற்றலுக்கு ஈடாகா. இவற்றினும் கருதத்தக்கது வேறொன்று. யோர்க்ரவுனைச் சூழ்ந்த காடுகளில், பிரித்தானியத் தளபதி கோர்ன்வாலிசினாற் கைவிடப்பட்டு அம்மைநோயால் இறந்துகிடந்த கறுப்பின மக்களை மார்ட்டின் கண்டார். அக்கொடுமையை எழுதவுஞ் செய்தார். ஆயின், முன்னர் கூறிய 1,200 டொலர் ஓடிப்போன அடிமைகளைத் தேடி அவர்தம் உடைமையாளரிடம் ஒப்படைத்தமைக்குக் கிடைத்த கூலி. விடுதலைக்காகப் போரிட்டவன் பிறர் விடுதலையைப் பிடித்துக்கொடுத்த முரண்பாட்டை நூல் ஆராயவில்லை. அவ்வாறே, பெனொப்ஸ்கொற் ஆற்றங்கரை அவ்வாற்றின் பெயரைக் கொண்ட முதற்குடிமக்களின் நிலம் என்பதும் அங்கு எழுப்பப்படாத வினா. உழைத்தவனுக்கே நிலம் என்ற குடியேறியோரின் வாதம் நொக்சுக்கு எதிரே வலுவுடையது. அம்முதற்குடிகளுக்கு எதிரே அவ்வளவு வலுவுடையதன்று. எனினும், கண்டதையும் பெற்ற கூலியையும் மறையாது எழுதியவர் மார்ட்டினே. அவர்மேற் குற்றங்கூறுதற்கு வேண்டிய சான்றையும் அவரே தந்துள்ளார்.

முதியவனின் மனக்கசப்பு நூலின் நேர்மையைக் கெடுத்துவிட்டது எனச் சிலர் கூறலாம். அக்கூற்றுப் பொருந்தாது. கசப்புடையவன் பகைவனைப் பெரிதாக்குவான், தன்னைத் தூயவனாக்குவான். மார்ட்டின் தம் அச்சத்தையும், திருடித் தின்றதையும், பிறர்க்காகப் பணம்பெற்றுப் படையிற் சேர்ந்ததையும் நகைத்துக்கொண்டே சொல்கின்றார். நகை அவருக்குச் சினத்தை அடக்கும் கடிவாளமாயிற்று. அதனாலேயே அவர் எங்கேனும் சினக்குமிடத்து அச்சினம் படிப்போரைச் சுடுகின்றது.

வெளிவந்த காலத்தில் அந்நூலை வாங்கியோர் மிகச் சிலரே. 1836ஆம் ஆண்டில் புறொஸ்பெக்ற் வழியாகச் சென்ற படைப்பிரிவொன்று அவர் வீட்டின் முன்னே வேட்டுத் தீர்த்து மரியாதை செய்தது. 1850ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி, 89ஆவது வயதில், அவர் இறந்தார். 1962ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஷீர் என்பார் பதிப்பித்து வெளியிட்டபின்னரே அந்நூல் பரவலாகப் படிக்கப்படலாயிற்று. இன்று அப்போரைப் பற்றி எழுதுவோர் அதனைத் தொடாது செல்லுதல் அரிது. வேட்டொலியும் கல்லறை வாசகமும் புகழுரைகளும் வீரனுக்கு நாடு எளிதிற் கொடுப்பன. மார்ட்டின் கேட்டவையோ வாக்களிக்கப்பட்ட உணவும் ஊதியமும் காணியுமே. அவர் இழந்த காணி அவர் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அக்கணக்கு இன்னும் தீர்க்கப்படாதிருக்கின்றது என்பதை அந்நூலைப் படித்து முடிக்கும் ஒவ்வொருவரும் உணர்வர். அதனை அவ்வாறு உணரச்செய்தலே மார்ட்டின் எழுதியதன் பயன்.